பத்து மாதக் குழந்தைக்கு வயிற்றால் போகிறது: வீட்டில் என்ன செய்வது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவது

ஓர் இளம் தாய் கேட்டிருப்பது இது. பத்து மாத ஆண் குழந்தை. நேற்று காலையிலிருந்து ஏழெட்டு முறை தண்ணீராகப் போயிருக்கிறது, இரண்டு முறை வாந்தி. மாமியார், "பல் முளைக்குது, அதோட உரமும் விழுந்திருக்கு, தொக்கம் எடுத்தா சரியாப் போயிடும், அதுவரைக்கும் தாய்ப்பால் குடுக்காதே" என்கிறார். (தொக்கம் என்பது வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்ற நம்பிக்கை, உரம் என்பது தூக்கியதில் பிள்ளைக்குச் சுளுக்கு விழுந்துவிட்டது என்ற நம்பிக்கை.) கணவர் மருந்துக்கடையிலிருந்து ஓ.ஆர்.எஸ். (பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) என்று சொல்லிக் கொடுத்த அட்டைப்பெட்டி பானம் ஒன்றும், பேதி நிற்க ஒரு சிரப்பும் வாங்கி வந்திருக்கிறார். எதைக் கொடுப்பது, எதை விடுவது, எப்போது ஆஸ்பத்திரிக்குப் போவது?

அம்மா, நான் 31 வருடம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தவள். அதில் பெரும்பகுதி குழந்தைகள் வார்டில். மீதியைப் படிப்பதற்கு முன்னால் பிள்ளையைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்து ஒரு முறை பாருங்கள்.

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா, அல்லது துவண்டு கிடக்கிறானா? கண் குழி விழுந்திருக்கிறதா? இது உங்களுக்குத்தான் தெரியும், ஏனென்றால் தினமும் பார்க்கிற முகம். வாய்க்குள் விரல் வைத்தால் ஈரமாக இருக்கிறதா, பிசுபிசுவென்று ஒட்டுகிறதா? அழும்போது கண்ணீர் வருகிறதா? கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான்? பிறகு தொப்புளுக்கும் விலாப்பக்கத்துக்கும் நடுவில், வயிற்றுத் தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நெடுக்குவாக்கில் மடித்துப் பிடித்து, ஒரு நொடி வைத்திருந்து விடுங்கள். நல்ல குழந்தைக்குத் தோல் அந்தக் கணமே படிந்துவிடும். நீர் வற்றிய குழந்தைக்கு மடிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். இரண்டு நொடிக்கு மேல் நின்றால் நீர் மிக மோசமாக வற்றிவிட்டது என்று அர்த்தம்.

துவண்டு கிடந்தாலும், எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலும், குடிக்க முடியாவிட்டாலும், கொடுத்ததையெல்லாம் உடனுக்குடன் கக்கினாலும், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும், தோல் மடிப்பு நின்றாலும், மலத்தில் ரத்தம் தெரிந்தாலும், பச்சையாக வாந்தி எடுத்தாலும், வயிறு உப்பிக் கல்லாக இருந்தாலும், வலிப்பு வந்தாலும், காய்ச்சல் கொதித்தாலும், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள் அல்லது கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். விழுங்குகிற பிள்ளையாக இருந்தால் வழியெல்லாம் கரைசலை ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். வயிற்றுப்போக்கு என்று தோன்றினாலே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

(அதைப் படிக்கிற கைக்குழந்தைக்காரர்கள் பயந்துவிடக் கூடாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை மஞ்சளாக, தளர்வாக, சிறுசிறு விதை போலப் போவது இயல்பு. வழக்கத்தைவிடத் தண்ணீராகவும் அதிகமாகவும் போனால்தான் அது பேதி.)

இந்த அறிகுறி எதுவும் இல்லை, குழந்தை கொஞ்சம் சிணுங்கினாலும் வழக்கம்போலக் குடிக்கிறான், விளையாட்டும் கொஞ்சம் இருக்கிறது என்றால் வீட்டிலேயே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அந்த வேலை முழுவதும் ஒரே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். பேதியில் குழந்தைக்கு ஆபத்து மலத்தால் வருவதில்லை, அதோடு போகிற நீரும் உப்பும் திரும்பி வராததால் வருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இன்றும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சத்து 40 ஆயிரம் பேர் வயிற்றுப்போக்கால் இறக்கிறார்கள். அவர்களில் மிகப் பலருக்குப் போன நீரை நேரத்தில் திருப்பிக் கொடுத்திருந்தால் போதும். ஆனால் வீட்டில் எல்லோருடைய கண்ணும் பேதி நின்றதா, நின்றதா என்பதிலேயே இருக்கும். நிற்க வைக்கத்தான் தொக்கம், நிற்க வைக்கத்தான் சிரப்பு, நிற்க வைக்கத்தான் பாலை நிறுத்துவது. நீங்கள் எண்ண வேண்டியது உள்ளே எவ்வளவு போனது, சிறுநீர் எத்தனை முறை வந்தது என்பதை.

சாதாரண வைரஸ் பேதி அடங்க ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். ஓ.ஆர்.எஸ். கொடுத்தாலும் பேதி உடனே நிற்காது, அது அதற்கான மருந்தே இல்லை. இதை யாரும் தாய்மாருக்குச் சொல்வதில்லை. இரண்டாம் நாள், "குடுத்துப் பாத்துட்டேன் சிஸ்டர், நிக்கல" என்று விட்டுவிடுவார்கள். மூன்றாம் நாள் ராத்திரி கண் செருகிய குழந்தையோடு வந்து நிற்பார்கள். பேதி போய்க்கொண்டே இருக்கலாம். நீங்களும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி கரைசல். மருந்துக்கடையில் தூள் பாக்கெட்டாகக் கேளுங்கள். பாக்கெட்டின் மேல் உலகச் சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று போட்டிருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும், கிராம சுகாதார செவிலியரிடமும், அங்கன்வாடியிலும் இதை இலவசமாகவே கொடுக்கிறார்கள். இரண்டு அளவில் வரும். 20 கிராம் சொச்சம் இருக்கும் பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு. 4 கிராம் சொச்சம் இருக்கும் சின்னது 200 மில்லிக்கு. எது உங்கள் கையில் இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். கடையில் விற்கிற 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கழுவி அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பி, சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரே தடவையில் கொட்டிக் கலக்குங்கள். பால், பழச்சாறு, கூடுதல் சர்க்கரை எதையும் அதில் சேர்க்கக் கூடாது. கலந்தபின் கொதிக்க வைக்கவும் கூடாது.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தாய் வந்தாள், எட்டு மாதப் பெண் குழந்தை. "ரெண்டு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். குடுத்துட்டேன்" என்றாள். குழந்தையோ தொட்டாலே அலறியது, தோல் பிசைந்த மாவு போல இருந்தது, வார்டுக்கு வந்த அரை மணி நேரத்தில் வலிப்பு. எப்படிக் கலந்தாய் என்று கேட்டேன். விரல்களை விரித்துச் சின்ன அளவு ஒன்றைக் காட்டினாள். ஒரு டம்ளர். 1 லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்திருக்கிறாள். ஐந்து மடங்கு உப்பு. ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, ஏறிப்போய் மூளையைத் தொட்டுவிட்டது. பிழைத்தது அந்தப் பெண், பதினோரு நாள் கழித்து வீட்டுக்குப் போனாள். தப்பு அந்தத் தாயுடையது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பாக்கெட்டை நீட்டியவர் எவரும் பாட்டிலைக் காட்டிச் சொல்லவில்லை. சிலர் பாக்கெட்டைக் கிள்ளி வைத்துக்கொண்டு டம்ளர் டம்ளராகத் தூவிக் கலப்பார்கள். அதுவும் தப்புதான், ஒரு டம்ளரில் உப்பு கூடும், இன்னொன்றில் குறையும். டம்ளராகத்தான் கலக்க வசதி என்றால் 200 மில்லி பாக்கெட்டை வாங்கிவிடுங்கள்.

அளவு ஏன் இத்தனை முக்கியம்? நம் சிறுகுடலின் சுவரில் உப்பையும் சர்க்கரையையும் ஜோடியாக உள்ளே இழுக்கும் வாசல்கள் இருக்கின்றன. சோடியம் தனியாக வந்தால் பேதியான குடல் அதைச் சரியாக வாங்காது. குளுக்கோஸ் கூட வந்தால் வாங்கும், பின்னாலேயே தண்ணீரும் போகும். வைரஸ் குடலைக் கெடுத்திருக்கும்போதும், காலராவிலும்கூட இந்த வாசல் மூடுவதில்லை. அதனால்தான் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதாரண உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். இதில் சர்க்கரை கூடிவிட்டால் காரியம் தலைகீழாகிவிடும். குடலுக்குள் இருக்கும் மிகுதிச் சர்க்கரை உடம்பிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும், பேதி இன்னும் பெருகும்.

உங்கள் கணவர் வாங்கி வந்த அட்டைப்பெட்டிக்கு இப்போது வருகிறேன். அதன் பின்பக்கத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். இப்படிப்பட்ட பானங்களில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்த கதை நாடறிந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உலகச் சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளே இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. கடைக்காரர் "ஓ.ஆர்.எஸ். மாதிரிதான்" என்று எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். வீட்டில் இருப்பதைப் பெரியவர்கள் குடித்துவிடட்டும், பிள்ளைக்கு வேண்டாம். வெறும் குளுக்கோஸ் பொடி, கலர், டப்பா ஜூஸ் எல்லாமே இதே கணக்குதான். விருந்தாளி வந்தால் வாங்கி வைப்போமே, அந்த சோடாக்களும் சேர்த்து.

ராத்திரி நேரம், கடை மூடியிருக்கிறது, பாக்கெட் இல்லை என்றால் 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. 5 மில்லி டீஸ்பூன்தான் கணக்கு, குழம்புக் கரண்டி இல்லை. இது காலைவரை தாங்கும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீரும் நல்லது, உங்கள் பாட்டி காலத்திலிருந்து அது வேலை செய்திருக்கிறது. நீர்மோர், பருப்புத் தண்ணீர் கொடுக்கலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கூடக் கொஞ்சம் கொடுப்பதில் குற்றமில்லை, அதை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது.

எவ்வளவு கொடுப்பது? இரண்டு வயதுக்குள் இருப்பதால் ஒவ்வொரு முறை தண்ணீராகப் போனபின்னும் 50 முதல் 100 மில்லி. கண் குழி விழுந்து, தாகமாகப் பரபரத்து, தோல் கொஞ்சம் மெதுவாகப் படிகிற நிலை வந்துவிட்டால் கணக்கு மாறும். கிலோவுக்கு 75 மில்லி வீதம் 4 மணி நேரத்தில் போக வேண்டும். உங்கள் பிள்ளை 8 கிலோ என்றால் 600 மில்லி. அந்த நிலையை வீட்டில் சமாளிக்கப் பார்க்க வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆஸ்பத்திரியிலோ உட்கார்ந்து, அவர்கள் கண்முன்னே கொடுங்கள்.

எப்படிக் கொடுப்பது என்பதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். தாகத்தில் தாவுகிற குழந்தைக்கு டம்ளரோடு வாயில் சாய்ப்பார்கள், மடமடவென்று குடிக்கும், இரண்டு நிமிடத்தில் பீறிட்டு வாந்தி வரும். "குடுத்தா கக்குது" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். பாலாடையோ சங்கோ எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டீஸ்பூன். பிள்ளையை மடியில் சாய்த்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி, நிமிடத்துக்கு ஒன்று, அல்லது இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்று கொடுங்கள். 5 மில்லி என்பது கன்னத்தின் ஓரத்தில் வழிந்து இறங்குகிற அளவு, அதை வயிறு பெரும்பாலும் வாந்தியாகத் தள்ளுவதில்லை. கக்கிவிட்டால் 10 நிமிடம் பொறுத்து மறுபடி ஆரம்பியுங்கள், இந்த முறை இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். கக்கியது போலத் தெரிந்தாலும் கொடுத்ததில் ஒரு பகுதி உள்ளேதான் நின்றிருக்கும். நீர் கொஞ்சம் சேர்ந்ததும் வாந்தி தானாகவே குறைவதை நான் நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் பார்த்திருக்கிறேன். 100 மில்லிக்கு 20 ஸ்பூன். அரை மணி நேர வேலை.

அரை மணி நேரம் பொறுமையாக உட்கார உங்களுக்கு நேரமும் தெம்பும் இருக்காது, ராத்திரியெல்லாம் விழித்திருப்பீர்கள். அதற்கு வீட்டில் மிகப் பொருத்தமான ஆள் உங்கள் மாமியார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எங்கள் வார்டில் ஒரு மூலையில் பெஞ்சு போட்டு, பாத்திரமும் பாலாடையும் வைத்து உட்கார வைப்போம். அங்கே சளைக்காமல் ஊற்றுபவர்கள் எப்போதும் பாட்டிகள்தான். அவர் தொக்கம், உரம் என்று சொல்வது பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில். வேண்டாம் என்று மட்டும் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். "அத்தே, நீங்க இதைக் கொஞ்சம் பாத்துக்குங்க, மணிக்கு எவ்வளவு போச்சுன்னு சொல்லுங்க" என்று பாலாடையைக் கையில் கொடுங்கள்.

தொக்கம் எடுப்பதைப் பற்றி ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் வந்தவர்களில் பாதிப் பேர் அங்கே போய்விட்டுத்தான் வந்தார்கள். வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சிச் சோற்றுப் பருக்கை, முடி என்று எதையோ எடுத்துக் காட்டுவார்கள். சிலர் தொண்டைக்குள் விரல் விடுவார்கள். வயிற்றுக்குள் இருப்பதைத் தோல் வழியாக உறிஞ்சி எடுக்க வழியே இல்லை, குடலில் எதுவும் சிக்கி நிற்பதால் இந்தப் பேதி வருவதும் இல்லை. விரல் விட்டால் தொண்டை புண்ணாகும், பிள்ளை குடிக்க மறுக்கும். உரம் எடுக்கிறேன் என்று சேலையில் போட்டு இரண்டு பேர் பிடித்து உருட்டுவதும், தலைகீழாகத் தூக்குவதும் கழுத்து நிற்காத குழந்தைக்குப் பேராபத்து. சில இடங்களில் வயிற்றில் சூடு போட்ட தழும்போடும் பிள்ளைகள் வந்தார்கள், அதைப் பற்றி எழுதவே கை வரவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம், நேரம். பத்து மைல் போய், வரிசையில் காத்திருந்து, திரும்பி வரும் அரை நாளில் பிள்ளைக்கு ஒரு சொட்டுக்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். "எடுத்த பெறவு ரெண்டு மணி நேரம் தண்ணி காட்டக் கூடாதுன்னாரு சிஸ்டர்" என்று ஒரு தகப்பன் சொன்னார். அந்தக் குழந்தையின் கையில் நரம்பு கிடைக்காமல் நாங்கள் மூன்று பேர் தேடினோம். நீர் வற்றிய குழந்தையின் நரம்பு நூல் போல ஒட்டிக்கிடக்கும். இரண்டு கை, இரண்டு கால், பிறகு தலையின் ஓரத்து முடியை மழித்து அங்கே. அத்தனை குத்தும், அந்த இரண்டு மணி நேரத்தில் ஸ்பூனால் கொடுத்திருந்தால் தேவைப்பட்டிருக்காது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வாயால் குடிக்கிற பிள்ளைக்கும் "குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நிற்பவர்கள். குடிக்க முடிகிற குழந்தைக்கு டிரிப்பைவிடக் கரைசல் எந்த வகையிலும் குறைந்ததில்லை. இதை உலகுக்கே காட்டியவர் நம் நாட்டு டாக்டர். 1971-இல் வங்கதேசப் போரின்போது அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள், முகாம்களில் காலரா பரவியது. எல்லைப்புற ஊரான பன்காவோனில் டாக்டர் திலீப் மஹலானபிஸிடம் டிரிப் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த தூளைப் பொட்டலம் கட்டி, பீப்பாய்களில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே மொண்டு கொடுக்கச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு, அவர் பார்த்த நோயாளிகளிடம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. டாக்டரோ நர்ஸோ அல்ல, பக்கத்தில் இருந்த அம்மாவும் அண்ணனும் ஊற்றிக் காப்பாற்றினார்கள். 2022-இல் அவர் காலமானார், அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் பாலாடையோடு உட்காரப்போகிறவர் செய்வதும் அதே வேலைதான்.

பல் விஷயத்துக்கு ஒரு வார்த்தை. ஆறு மாதத்திலிருந்து பிள்ளைக்குப் பல் வருகிறது. அதே மாதங்களில்தான் தவழ்கிறது, தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கிறது, தாய்ப்பாலோடு வெளிச்சாப்பாடும் ஆரம்பமாகிறது, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியும் கரைகிறது. கிருமி வாய்வழியாகப் போகத்தான் பேதி வருகிறது. பல் கூடவே வருவதால் பழி அதன்மேல் விழுகிறது. "பல்லுக்குப் போகுது, தானா நிக்கும்" என்று நான்கு நாள் சும்மா இருந்துவிடுகிறார்கள் என்பதுதான் இதிலுள்ள கெடுதல்.

தாய்ப்பாலை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கேட்கும்போதெல்லாம், வழக்கத்தைவிட அதிகமாகக் கொடுங்கள். நீங்கள் சாப்பிட்டது பிடிக்கவில்லை என்று உங்களை ரசம் சாதத்தில் உட்கார வைத்தாலும் ஏற்க வேண்டியதில்லை. நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள். பத்து மாதப் பிள்ளைக்குச் சாப்பாடும் தொடர வேண்டும். குழைந்த பருப்பு சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய், இட்லி, தயிர் சாதம், மசித்த வாழைப்பழம், அவித்த உருளைக்கிழங்கு, எதைச் சாப்பிடுகிறதோ அது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. பட்டினி போட்டால் குடல் ஆறுவது தாமதமாகும், எடை இறங்கும், இறங்கிய எடையோடு அடுத்த பேதி வரும். நின்றபிறகு இரண்டு வாரத்துக்குத் தினமும் ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள்.

சிரப்பைத் திறக்க வேண்டாம். குடலின் அசைவைக் கட்டுகிற மருந்து என்றால் குழந்தைக்கு அது ஆபத்து. வெளியே வருவது நின்றது போலத் தெரியும், உள்ளே நீர் தேங்கி வயிறு உப்பும், கிருமியும் உள்ளேயே கிடக்கும். ஆன்டிபயாடிக் என்றால், குழந்தைப் பேதியில் பெரும்பாலானவை வைரஸால் வருவதால் அதற்கு வேலையே இல்லை, சில சமயம் அதுவே பேதியைக் கூட்டும். மலத்தில் ரத்தம் இருந்தால், காலரா என்று சந்தேகம் இருந்தால், டாக்டர் பார்த்து எழுதித் தருவார். கடைக்காரர் எழுதக் கூடாது.

கொடுக்க வேண்டிய ஒரே மாத்திரை ஜிங்க், அதாவது துத்தநாகம். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குத் தினம் 20 மில்லி கிராம், இரண்டு முதல் ஆறு மாதம்வரை 10 மில்லி கிராம், 14 நாள். அரசு சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்.ஸோடு சேர்த்தே கொடுப்பார்கள். ஒரு ஸ்பூனில் கொஞ்சம் தாய்ப்பாலையோ தண்ணீரையோ விட்டு மாத்திரையைப் போட்டால் கரைந்துவிடும். பேதி நாலாம் நாள் நின்றுவிட்டது என்று மிச்சத்தை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். பதினான்கு நாளும் முழுதாகக் கொடுத்தால் அடுத்த இரண்டு மூன்று மாதம் பேதி திரும்ப வருவது குறையும்.

ஏழு நாளாகியும் குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். 14 நாளைத் தாண்டினால் அது வேறு வகை, கட்டாயம் பரிசோதனை வேண்டும்.

பால் பாட்டில் வீட்டில் இருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். அந்த ரப்பர் நிப்பிளின் உள்பக்கத்தை ஒருமுறை மடித்து முகர்ந்து பாருங்கள், நான் சொல்ல வேண்டியிருக்காது. பாலாடை, கிண்ணம், ஸ்பூன் எல்லாம் ஒரு கொதியில் சுத்தமாகிவிடும். பிள்ளையைக் கழுவியபின்னும், ஊட்டுவதற்கு முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சின்னக் குழந்தையின் மலத்தில் அசுத்தம் இல்லை என்ற நினைப்பு நம்மிடம் நிறைய, பெரியவர்கள் மலத்தைப்போலவே அதிலும் கிருமி இருக்கிறது. தடுப்பூசி அட்டையை எடுத்து 6, 10, 14-ஆவது வாரங்களில் ரோட்டா வைரஸ் பேதிக்கான சொட்டு மருந்து போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2017 முதல் அரசே இலவசமாகக் கொடுக்கிறது. ஒரு வயது ஆவதற்குள் முதல் தவணையைத் தொடங்கலாம், உங்கள் பிள்ளைக்கு விட்டுப்போயிருந்தால் பேதி நின்றபின் வருகிற புதன்கிழமையே சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போங்கள்.

இன்றைக்கு ராத்திரிக்கு இப்படிச் செய்யுங்கள். கலந்த கரைசலை மூடிப் பக்கத்தில் வைத்து, பாத்திரத்தின் மேல் கலந்த நேரத்தை எழுதி ஒட்டுங்கள், 24 மணி நேரம் ஆனதும் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று கோடு போட்டு, எத்தனை முறை போனான், எத்தனை பாலாடை உள்ளே போனது, எத்தனை முறை சிறுநீர் கழித்தான் என்று குறியுங்கள். டயப்பரில் சிறுநீரா பேதியா என்று தெரியாது, அதனால் இரண்டு நாளைக்குத் துணி கட்டுங்கள். தூங்கும் பிள்ளையை எழுப்ப வேண்டுமா என்று யோசிப்பீர்கள். நல்ல ஈரத் துணி மாற்றியபின் தூங்குகிறான் என்றால் தூங்கட்டும். நடுராத்திரிக்கு மேலும் துணி காய்ந்தே இருந்தால் எழுப்பிப் பாலும் கரைசலும் கொடுங்கள். எழுப்பியும் சரியாக விழிக்கவில்லை, வாயில் வைத்தது வழிகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரத்திலேயே கிளம்புங்கள், அந்தக் காலண்டர் தாளையும் மடித்து எடுத்துக்கொண்டு. டியூட்டியில் இருக்கிற டாக்டர் கேட்கப்போகிற முதல் மூன்று கேள்விக்கும் பதில் அதில் இருக்கும்.